நனோப் போத்தலும் நமது கணக்கும்

"நனோ" என்ற சொல் இன்று பசளைப் போத்தல்களில் காணப்படுகின்றது. "இலைச்சாற்றால் செய்தது" என்று சொல்லி விற்கும் பொருட்களும் வரத் தொடங்கியுள்ளன. இடம்பெயர்ந்து, சிறு முதலுடன் மீண்டும் பயிர் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு போத்தலின் விலையும் பெரிது. ஆகவே இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

நனோ என்றால் என்ன?

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர். 1 முதல் 100 நனோமீற்றர் வரை அளவுள்ள துணிக்கைகளை நனோத் துணிக்கைகள் என்பர். தேங்காயைத் துருவினால்தான் பால் இலகுவில் வரும். அதுபோலவே, ஒரு பொருளை மிகச் சிறிதாக்கும்போது அதன் மேற்பரப்பு கூடி, வேகமாகச் செயற்படுகின்றது.

இலையால் செய்வது எவ்வாறு?

வேப்பிலை போன்றவற்றை நீரில் அவித்து வடித்த சாற்றை, ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலுடன் கலப்பார்கள். சாற்றிலுள்ள பொருட்கள் வெள்ளி உப்பை வெள்ளித் துணிக்கைகளாக மாற்றுகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டாதபடி சுற்றிப் படிந்தும் கொள்கின்றன. கரைசல் கபில நிறமாவதே இதன் அடையாளம். பங்கசு, பற்றீரியா ஆகியவற்றாலும் இவ்வாறு செய்யலாம். கடும் இரசாயனங்களின் தேவை குறைவதே இம்முறையின் நன்மை.

பயன் என்ன?

வெள்ளித் துணிக்கைகள் நோய்க்கிருமிகளைக் கொல்லும். எனவே உணவு பொதிசெய்யும் உறைகளில் சேர்த்து, உணவு பழுதடைவதைத் தாமதப்படுத்த முயல்கின்றனர். நாக ஒட்சைட்டுத் துணிக்கைகளை விதைக்கும் இலைக்கும் இட்டுச் சோதிக்கின்றனர். இவற்றுட் பல இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

தீங்கு இல்லையா?

இலை செய்து கொடுத்தாலும் துணிக்கை வெள்ளிதான். அது நோய்க்கிருமியையும் மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிரையும் பிரித்தறியாது. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். வெள்ளி நைத்திரேற்று தோலைச் சுடும். கண்ணுக்கு மிகவும் ஆபத்தானது.

கணக்குப் பாருங்கள்

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் நம் நாட்டுக்கு வந்தது. இது இலையால் செய்ததன்று. ஆனாலும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. இந்தியாவில், 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியாப் பைக்கு ஈடாகும் என்று விளம்பரப்படுத்தினர்.

யூரியாவில் நைதரசன் 46 வீதம். எனவே பையில் 20 கிலோவுக்கு மேல் நைதரசன் உண்டு. அன்று வந்த திரவத்தில் அது 4 வீதமாக இருந்தது. எனவே போத்தலில் 20 கிராம் மட்டுமே. வித்தியாசம் ஆயிரம் மடங்கு! துணிக்கை எவ்வளவு சிறிதானாலும், போத்தலில் இல்லாத சத்தைப் பயிருக்குத் தர முடியாது. பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக இதைத் தெளித்துச் சோதித்தபோது, நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது.

வாங்குமுன் கேளுங்கள்

1. இது பசளையா, பீடைநாசினியா? பதிவு எண் உண்டா?
2. எந்தச் சத்து, எத்தனை வீதம் உண்டு?
3. நம் மண்ணில், நம் பயிரில் சோதித்துள்ளார்களா?
4. தெளித்தபின் எத்தனை நாளில் அறுவடை செய்யலாம்?

விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரியுங்கள். வாங்கியே ஆகவேண்டுமானால், முதலில் ஒரு பாத்திக்கு மட்டும் தெளியுங்கள். பக்கத்துப் பாத்தியை வழமைபோல் விட்டு, இரண்டின் விளைச்சலையும் நிறுத்துப் பாருங்கள். அதுவரை கூட்டெருவும் வேப்பங்கொட்டைக் கரைசலும் நம் கைக்கெட்டியவை.

குழுவில் கலந்துரையாட

- சென்ற போகத்தில் விளம்பரத்தை நம்பி வாங்கிய பொருள் எது? பயன் கிடைத்ததா?
- நம் குழுவில் யாருடைய நிலத்தில் பரிசோதனைப் பாத்தி அமைக்கலாம்?