கண்ணாடித் தேன்பெட்டி: பேலட் மரத்தில் நாமே செய்யலாம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆலைகளில் கழித்த பேலட்டுகள் பழைய மரக்கடைகளுக்கு வந்துவிடும். இரண்டு கண்ணாடி, ஒரு துண்டு ஹோஸ் சேர்த்தால், தேனீக்களை வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கும் பெட்டி தயார்.

1. மரத்தில் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடாதீர்கள். எண்ணெய்க் கறை படிந்ததும், முத்திரையே இல்லாததும் வேண்டாம்.

2. தேனீக்களின் தாய்க்குடும்பம் நியூட்டன் பெட்டியில் தனியாக இருக்கட்டும். 1911–17 காலத்தில் தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளித்த பாதிரியார் நியூட்டன், நம் இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவில் அமைத்தது அது. அதன் சட்டம் அப்படியே பொருந்தும்படி கண்ணாடிப் பெட்டியைச் செய்யுங்கள்.

3. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, இரு பக்கமும் 8 மி.மீ. இடம். கூடினால் குறுக்கே அடை கட்டி மறைத்துவிடும். குறைந்தால் தேனீ நடமாட முடியாது. ஸ்கேல் வைத்துக் கவனமாக அளக்க வேண்டிய இடம் இது. 

4. ராணியை எடுக்காதீர்கள். முட்டையும் இளம்புழுவும் கொஞ்சம் தேனும் உள்ள ஒரு சட்டத்தைத் தேனீக்களோடு மாற்றுங்கள். வயதான தேனீக்கள் பழைய இடத்துக்கே பறந்துவிடும் என்பதால், இன்னொரு சட்டத்துத் தேனீக்களையும் உதறிச் சேர்த்துவிடுங்கள். ராணி இல்லை என்று தெரிந்ததும் அவை புது ராணி அறை கட்டத் தொடங்கும். பார்க்கவேண்டிய காட்சி அது.

5. பெட்டியிலிருந்து ஓர் அங்குல ஹோஸை ஜன்னல் வழியே, ஆள் தலைக்கு மேலே போகும்படி வெளியே விடுங்கள்.

6. கண்ணாடியில் வெயில் படவே கூடாது. புழு வளர 33 முதல் 36 டிகிரி வெப்பம் போதும். 40ஐத் தாண்டினால் மெழுகு இளகி அடை சரியும். தகரக் கூரை அறையில் சித்திரை மாதத்தில் இந்த வேலையே வேண்டாம். பார்க்காத நேரம் தெர்மாகோல் பலகையால் மூடுங்கள். இரவில் பார்க்க சிவப்பு விளக்கு. தேனீக்குச் சிவப்பு தெரியாது.

7. பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

8. வாலை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடும் தேனீயைக் கவனியுங்கள். பூ இருக்கும் இடத்தைச் சொல்லும் நடனம் அது. செங்குத்தாக மேல்நோக்கி ஓடினால், பூ சூரியன் இருக்கும் திசையில். சாய்ந்து ஓடினால் அதே கோணத்துக்குத் தள்ளி. ஓட்டம் நீள நீள, தூரமும் அதிகம். இந்த நடனத்தைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். வேம்போ புங்கமோ பூத்திருக்கும்போது பாருங்கள், ஆடும் தேனீக்கள் பலவும் ஒரே பக்கம் சாய்ந்து ஓடும்.

9. ஒற்றைச் சட்டக் குடும்பம் நெடுநாள் தாங்காது. புது ராணி வெளிவந்ததும் முழுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

10. கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கைக்குழந்தை உள்ள வீடா? கொட்டாத கொசுத்தேனீயை, மூடிக்கு அடியில் கண்ணாடி வைத்த சிறு பெட்டியில் வளர்க்கலாம். நடனம்தான் பார்க்க முடியாது.