கல்விக் கடன்: கையெழுத்துக்கு முன் பிள்ளையிடம் பேச வேண்டியவை

பிளஸ் டூ முடிவு வந்ததும் பல வீடுகளில் கல்லூரி, கட்டணம், கடன் எல்லாவற்றையும் பெற்றோரே தீர்மானிக்கிறார்கள். கடனைக் கட்டப்போகிற பிள்ளைக்கு விவரம் தெரிவதில்லை. இதற்குக் காரணமான சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கடன் பிள்ளை பெயரில்தானே, நமக்கு என்ன?

உண்மை: வழக்கமான கல்விக் கடனில் பெற்றோரும் இணைக் கடன்தாரர். தவணை தவறினால் இருவரின் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். நாளை தங்கைக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

நம்பிக்கை: படிப்பு முடியும்வரை வட்டி கிடையாது.

உண்மை: படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், அவ்வளவுதான். வட்டி முதல் நாளே ஓடத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்குவதாகவும், தனிவட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டுமே 1.40 லட்சம், தவணை 5.40 லட்சத்துக்குத் தொடங்கும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. ஆனால் அது எல்லாப் படிப்புக்கும் எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. சேருமுன் வங்கியில் கேட்டுவிடுங்கள். முடிந்தவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவருவது நல்லது.

நம்பிக்கை: அடமானம் வைக்கச் சொத்து இல்லையென்றால் வங்கிப் படியேற வேண்டாம்.

உண்மை: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது.

நம்பிக்கை: பணக் கவலை பிள்ளைக்குத் தெரியக்கூடாது, படிப்பு கெடும்.

உண்மை: இருப்பதிலேயே அதிகம் இழக்க வைப்பது இந்த நம்பிக்கைதான். அன்பினால் மறைக்கிறோம், புரிகிறது. ஆனால் வீட்டு நிலவரம் தெரியாத பிள்ளை, நண்பர்கள் சேரும் கல்லூரியையே கேட்கும். அப்பாவும் நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்குவார். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போனால் இரண்டும் கிடைக்காது. பெற்றோர் கல்லூரி வாசலை மிதிக்காத வீடுகளில் இதையெல்லாம் ஆசிரியரிடம் கேட்டுவந்து சொல்லக்கூடியது பிள்ளைதான். மாத வருமானம் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று சொன்னால் பதினேழு வயதுக்கு நன்றாகவே புரியும்.

நகை, சொத்து, தம்பி தங்கையின் படிப்பு ஆகியவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். வேலை கிடைக்கும்வரை தவணையை யார் கட்டுவது என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டும்.

இந்த ஆண்டு கலந்தாய்வுக்குப் போகும் பெற்றோரே, விருப்பக் கல்லூரிகளின் பட்டியலைப் பதிவதற்கு முன்பாகவே கட்டண விவரத்தையும் வீட்டு வரவுசெலவையும் பிள்ளையின் முன் வையுங்கள்.