சைக்கிள் பிரேமும் நம் உடலளவும்

“என்ன அளவு சைக்கிள்?” என்று கேட்டால், “26”, “29” என்று விடை வருகிறது. இவ்வெண் சக்கரத்தின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பதேயன்றி, ஏறுபவரின் உடலைப்பற்றி ஒன்றும் கூறுவதில்லை. 1949-இல் நிறுவப்பெற்ற சென்னை அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையின் ஹெர்குலிஸ் வண்டியை வாங்கிய நம் பெரியோர் “22”, “24” என்றது பிரேமின் உயரத்தை. இன்று மலைச் சைக்கிள் வாங்கும் மாணவ நண்பர்கள் சக்கரத்தை மட்டும் பார்த்து வாங்கி, முழங்கால் வலிக்கும் மணிக்கட்டு வலிக்கும் ஆளாவதுண்டு. ஆகவே பிரேமின் அமைப்பைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, சீட்டின் உயரம். செருப்பின்றிச் சுவரோடு நின்று, கால்களுக்கிடையே ஒரு புத்தகத்தை மேலே அழுந்தப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளக்க வேண்டும். அவ்வளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் கிராங்குகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்கவேண்டிய தூரம் ஏறக்குறையக் கிடைக்கும். உட்கால் அளவு 80 செ.மீ. ஆயின், சீட் 70.6 செ.மீ. உயரத்தில் அமையும்.

இரண்டாவது, சீட்டைத் தாங்கும் குழாயின் சாய்வு. அது தரையோடு 73 பாகை கோணத்தில் இருந்தால், மேற்கூறியவரின் சீட் அச்சுக்கு 20.6 செ.மீ. பின்னால் நிற்கும், 76 பாகையாயின் 17.1 செ.மீ. மட்டுமே. மூன்று பாகையில் உடல் மூன்றரை செ.மீ. முன்னே வந்துவிடுகிறது! செங்குத்தான மேட்டில் வண்டி பின்புறம் சாய்வதால், இவ்வாறு முன்தள்ளிய சீட் நன்மை தரும். சமதரையிலோ உடலின் பாரம் கைகளில் இறங்கும். மணிக்கட்டு வலிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, ‘ரீச்’ எனப்படும் எட்டும் தூரம். பெடல் அச்சுக்கு நேர்மேலே நிறுத்திய கற்பனைக் கோட்டிலிருந்து, முன்குழாயின் மேல்நுனி வரை கிடையாக அளப்பது இது. பள்ளத்தில் இறங்கும்போது பெடல்மீது நின்றே ஓட்டுகிறோமாதலால், அப்போது சீட்டினால் பயனில்லை. பிரேம் நமக்குப் போதுமா என்பதை ரீச்சே முடிவு செய்யும். கை எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னே தள்ளுவது தவறு. முதலில் காலுக்கு ஏற்பச் சீட்டை நிறுத்தி, பிறகு ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை மாற்றியே தூரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, முன்குழாயின் கோணம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டமல்பையஸ் மலைச்சரிவுகளில் 1970-களில் இவ்விளையாட்டு வளர்ந்தது. அதற்கெனவே ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் புதிய பிரேம் ஒன்றைச் செய்தார். 1990-களில் 71 பாகை முன்கோணம் வழக்கமாயிற்று. இன்று கடும் சரிவுக்கான வண்டிகளில் அது 65 பாகையை ஒட்டியுள்ளது. முன்குழாயின் நேர்கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடுமிடம் அதற்குப் பின்னால் இருக்கும். முன்கவையின் வளைவு மாறாதிருக்க, 29 அங்குலச் சக்கரத்தில் இவ்விடைவெளி 71 பாகைக்கு ஏறக்குறைய 8 செ.மீ.; 65 பாகைக்கு 12 செ.மீ.க்கும் சற்று மிகுதி. இடைவெளி மிகுந்தால் வேகமான இறக்கத்தில் சக்கரம் நேரே நிற்கும். மெதுவாகச் செல்கையில் பக்கவாட்டில் சாயத் தலைப்படும்.

இனி, நாம் வாழும் ஹைதராபாத்துக்கு வருவோம். இது தக்காணப் பீடபூமியின் கருங்கற்பாறை நிலம். விகாராபாத் அருகேயுள்ள அனந்தகிரி மலையின் கரடுமுரடான இறக்கங்களை நாடுவோருக்குச் சாய்ந்த முன்கோணம் துணை செய்யும். ஆனால் விடுதியிலிருந்து வகுப்புக்கும், 2023-இல் திறக்கப்பட்ட வெளிவட்டச் சாலையோரத்து 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்கும் செல்வோருக்கு 70, 71 பாகை முன்கோணமும் 73 பாகை சீட் கோணமுமே இதம் தரும்.

ஆகவே, நண்பர்களே, கடைக்குச் செல்லுமுன் உங்கள் உட்காலை அளந்து செல்லுங்கள். பிரேமின் அளவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு முறை அமர்ந்தும், ஒரு முறை பெடல்மீது நின்றும் ஓட்டிப்பார்த்த பின்னரே விலை பேசுங்கள். சீட்டையும் ஸ்டெம்மையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். பிரேமின் கோணத்தை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது.