கண்ணாடிக்குள் ஒரு சோலை

நுழையும்முன்

செடிக்கு நாள்தோறும் நீரூற்ற வேண்டும் என்பது நாம் அறிந்த வழக்கம். பல மாதங்கள் நீரூற்றாமலேயே தழைக்கும் தோட்டமும் உண்டு. மூடிய கண்ணாடிக் கலத்துள் அமையும் அத்தோட்டம், இயற்கையின் சுழற்சியையும் பயிர்கள் கடல்கடந்த வரலாற்றையும் ஒருங்கே கற்பிக்கிறது.

புகைநகரில் ஒரு கண்டுபிடிப்பு

கண்ணாடிக் கலத்துள் மண்ணிட்டுச் செடி வளர்க்கும் தோட்டத்தை ‘டெர்ரேரியம்’ என்பர். ‘டெர்ரா’ என்னும் இலத்தீன் சொல் நிலத்தைக் குறிக்கும். இதன் பயனை உலகறியச் செய்தவர், நதானியேல் பாக்ஷா வார்டு என்னும் இலண்டன் மருத்துவர். நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரில் அவர் விரும்பி வளர்த்த பெரணிச் செடிகள் மடிந்துகொண்டே இருந்தன.

1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சி வெளிவருவதைக் காண விரும்பிய வார்டு, அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் ஒரு புட்டியில் இட்டு மூடிவைத்தார். அம்மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. தோட்டத்தில் பிழைக்காத பெரணி, மூடிய புட்டிக்குள் நீரூற்றாமலேயே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்த பின்னரே அது மடிந்தது.

கடல்கடந்த பெட்டிகள்

அக்காலத்தில் கப்பலேறிய செடிகளுள் பெரும்பாலானவை உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பற்றாக்குறையாலும் வழியிலேயே அழிந்தன. 1833இல் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிகள் இரண்டில் செடிகளை வைத்துச் சிட்னிக்கு அனுப்பினார். அவை பசுமை மாறாமல் சென்றடைந்தன. அப்பெட்டி ‘வார்டியன் பெட்டி’ எனப் பெயர்பெற்றது.

சீனத்துத் தேயிலை இமயமலைச் சாரலுக்கும், காய்ச்சல் மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா நீலகிரிக்கும் இத்தகைய பெட்டிகளில் வந்தன. 1876இல் ரப்பர் கன்றுகள் இலண்டனிலிருந்து இலங்கைக்குச் சென்றன. இலங்கைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டு மக்கள் பெருந்திரளாகக் கடல்கடந்தனர். செடிகளின் இடப்பெயர்வு மனித வாழ்வையும் இடம்பெயர்த்தது.

உள்ளே நிகழ்வது என்ன?

வேர் உறிஞ்சிய நீர், இலைகளின் வழியே நீராவியாக வெளியேறுகிறது. அது கண்ணாடியில் படிந்து, துளிகளாகி, மீண்டும் மண்ணைச் சேர்கிறது. உதிர்ந்த இலைகளை நுண்ணுயிரிகள் மட்கச் செய்து, வேருக்கு உணவாக்குகின்றன. ஒளிச்சேர்க்கையும் சுவாசித்தலும் காற்றைச் சமன்செய்கின்றன. வெளியிலிருந்து வேண்டுவது ஒளி மட்டுமே.

நாமே அமைப்போம்

அகன்ற வாயுடைய கண்ணாடிச் சாடியைக் கழுவி உலர்த்துக. அடியில் இரண்டு விரல் உயரம் கூழாங்கற்களைப் பரப்புக. அவற்றின்மேல் சிறிது கரித்தூளையும் மெல்லிய தேங்காய் நாரையும் இடுக. அதன்மேல் மட்கு கலந்த மண்ணை நிரப்பி, நிழலில் வளரும் சிறு பெரணி, பாசி, ஃபிட்டோனியா போன்றவற்றை நடுக. கள்ளி வகைகள் மூடிய கலத்தின் ஈரத்தில் அழுகிவிடும். செடிகளை நாற்றங்காலில் வாங்குதல் நன்று. காட்டிலிருந்து பறித்தல் ஆகாது. சிறிதளவு நீர் தெளித்து மூடிவிடுக.

நேர்வெயில் படும் இடத்தில் வைத்தால் கலத்தினுள் வெப்பம் பெருகிச் செடிகள் வெந்துவிடும்; வெளிச்சம் மிகுந்த நிழலே ஏற்றது. காலையில் கண்ணாடியில் பனிபோல் படியும் ஈரம் நண்பகலில் மறைந்தால் நீர் அளவாக உள்ளது என அறியலாம். நாள்முழுதும் ஈரம் வழிந்தால் மூடியைச் சில மணிநேரம் திறந்துவைக்க வேண்டும். ஈரமே படியாவிடில் சில கரண்டி நீர் போதும்.

அளவறிந்த அன்பு

இத்தோட்டம் வாடுவதைவிட அழுகுவதே மிகுதி. புறக்கணிப்பைக் காட்டிலும் மிகையான பரிவே அதற்குப் பகை. வார்டின் பெரணியை மடியச் செய்ததும் மிகைநீரே. நாளும் உற்றுநோக்கி, வேண்டும்போது மட்டும் உதவுவதே இங்குப் பேணும் முறையாகும்.

நாம் வாழும் புவியும் ஒருவகையில் மூடிய கலமே. கதிரவனின் ஒளி உள்ளே வருகிறது. நீரும் மண்ணும் காற்றும் உள்ளுக்குள்ளேயே சுழல்கின்றன. சாடியில் செடி பட்டுப்போனால் வேறொன்றை நடலாம். புவிக்கு அத்தகைய மறுவாய்ப்பு இல்லை.

கற்பவை கற்றபின்...

1. குழுவாக ஒரு கண்ணாடித் தோட்டம் அமைத்து, முப்பது நாள் மாற்றங்களைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.
2. ‘செடிகளின் பயணமும் மனிதரின் பயணமும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.