பாடம் 12: முதலில் பார், பிறகு தொடு

மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? விளக்கு எரிவதைப் பார்க்கிறோம். மின்விசிறி சுழல்வதைப் பார்க்கிறோம். ஆனால் கம்பிக்குள் ஓடும் மின்சாரம் நம் கண்ணுக்குத் தெரியாது. அது மாறுவதைப் படமாக வரைந்து காட்டும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் அலைகாட்டி. ஆசிலோஸ்கோப் என்றும் சொல்வார்கள்.

1897ஆம் ஆண்டு, பெர்டினண்ட் பிரவுன் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் இதற்கான கண்ணாடிக் குழாயை உருவாக்கினார். குழாயின் ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து வரும். மறுமுனையில் ஒரு திரை இருக்கும். எலக்ட்ரான்கள் படும் இடம் பளிச்சென்று ஒளிரும். மின்சாரம் மாற மாற, அந்த ஒளிப்புள்ளி மேலும் கீழும் அசைந்து கோடு வரையும்.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் 1946இல் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அலைகாட்டிகளுக்குப் பெயர் பெற்றது. அதன் பழைய கருவிகளுக்கான கையேடுகளில் மின்சுற்றின் வரைபடமும் உறுப்புகளின் பட்டியலும் இருக்கும். அதனால் ஆய்வுக்கூடங்கள் கழித்துவிட்ட கருவிகளைக்கூடச் சிலர் வீட்டிலேயே பழுது பார்க்கிறார்கள்.

ஒரு தாத்தாவும் பேத்தியும் அப்படி ஓர் அலைகாட்டியைச் சரிசெய்கிறார்கள். அது நாற்பது ஆண்டுப் பழையது. தாத்தா மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். திரையில் பச்சைக் கோடு வந்தது. ஆனால் அது நேராக நிற்காமல் நெளிந்தது. தாத்தா பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார்.

உரையாடல்

பேத்தி: தாத்தா, இந்த உருளை மட்டும் மேல உப்பி இருக்கு.

தாத்தா: சபாஷ்! நல்லாப் பார்த்திருக்கே. அதுதான் மின்தேக்கி. நாங்க கண்டென்சர்னு சொல்லுவோம். உள்ளே இருக்கிற திரவம் பல வருஷத்துல காஞ்சுபோகும்.

பேத்தி: தொட்டுப் பார்க்கட்டுமா?

தாத்தா: தொடாதேம்மா! கையைப் பின்னால எடு.

பேத்தி: ஏன் தாத்தா? பிளக்கைத்தான் பிடுங்கிட்டீங்களே!

தாத்தா: பிடுங்கிட்டேன். ஆனா மீட்டரைப் பாரு.

பேத்தி: ஐயோ! இன்னும் 90 வோல்ட் காட்டுது!

தாத்தா: அதான் சொன்னேன். இப்ப இந்த மின்தடையை வெச்சு அதை மெதுவா வடிக்கிறேன். நீ எண்ணைப் படி.

பேத்தி: அறுபது... முப்பது... பத்து... பூச்சியம்! இப்பத் தொடலாமா?

தாத்தா: இரு, இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கலாம். அவசரம் என்ன?

பழைய மின்தேக்கியைக் கழற்றி, அதே அளவுள்ள புதிய ஒன்றைத் தாத்தா பற்றவைத்தார். இம்முறை பச்சைக் கோடு நெளியாமல் நேராக நின்றது.

சொல் அறிவோம்

தேக்குதல் என்றால் ஓடுவதைத் தடுத்துச் சேர்த்து வைத்தல். நீர்த்தேக்கம் தண்ணீரைத் தேக்கும். மின்தேக்கி மின்னைத் தேக்கும். மழை நின்ற பிறகும் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருக்கும் அல்லவா? அதுபோலவே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின் இருக்கும். இது பெயரே நமக்குச் சொல்லும் எச்சரிக்கை!

உப்புதல் – வீங்குதல்
நெளிதல் – வளைந்து வளைந்து அசைதல்
வடித்தல் – மெல்ல வெளியேற்றுதல்
பற்றவைத்தல் – ஈயத்தை உருக்கி ஒட்டுதல்

நினைவில் வை

வீட்டுச் சுவரில் செருகும் எந்தக் கருவியையும் நீயாகத் திறக்காதே. பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் அப்படித்தான்.

செய்து பார்ப்போம் (பெரியவர் ஒருவருடன்)

தேவையானவை: 9 வோல்ட் பாட்டரி, 16 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 1000 ஓம் மின்தடை, சிறிய எல்.இ.டி. விளக்கு.

மின்தடையையும் விளக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பாட்டரியுடன் சேர்க்கவும். விளக்கு எரியாவிட்டால் அதைத் திருப்பிப் போடவும். பிறகு பாட்டரியை எடுத்துவிட்டு, மின்தேக்கியின் கழித்தல் குறியுள்ள காலைப் பாட்டரியின் கழித்தல் முனைக்கும், மற்றக் காலைக் கூட்டல் முனைக்கும் போகும் கம்பிகளில் இணைக்கவும். கால்களை மாற்றிவிடக் கூடாது. இப்போது பாட்டரியைச் சேர்த்து, மீண்டும் எடுக்கவும். விளக்கு எப்படி அணைகிறது? ஏன்?

பயிற்சி

1. எழுத்து வழக்கில் மாற்றுக.
(எ-டு) உப்பி இருக்கு – உப்பி இருக்கிறது
அ. காஞ்சுபோகும்
ஆ. இன்னும் 90 வோல்ட் காட்டுது
இ. பிளக்கைப் பிடுங்கிட்டேன்

2. விடை கூறுக.
அ. பச்சைக் கோடு ஏன் நெளிந்தது?
ஆ. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தாத்தா ஏன் தொட விடவில்லை?
இ. பூச்சியம் காட்டிய பிறகும் தாத்தா ஏன் மறுபடி அளந்தார்?

3. உன் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி ஐந்து வரி எழுதுக. அதைத் தூக்கி எறியலாமா, சரிசெய்யலாமா? வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் கேட்டு வா.