மூன்று தட்டு மேடை

நாடக மேடை என்றதும் நம் நினைவுக்கு வருவன தொங்கும் படுதாக்கள்தாம்: அரண்மனை, தெரு, காடு. படுதா எந்தப் பாரத்தையும் தாங்க வேண்டியதில்லை. ஆனால் ராக் இசை நாடகத்தில் டிரம்ஸ் அதிர, நடிகர்கள் ஓடியும் ஏறியும் பாடுகிறார்கள். அங்கே மேடை அமைப்பு ஓவியமாக இருந்தால் போதாது. கட்டடமாகவும் இருக்க வேண்டும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க்குக்கு வெளியே பல ஊர்களில் இயங்கும் நாடக நிறுவனங்களை வட்டார அரங்குகள் என்பர். வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அவற்றுள் ஒன்று. 2008 நவம்பரில் அது 'நெக்ஸ்ட் டு நார்மல்' என்ற ராக் இசை நாடகத்தை மேடையேற்றியது. இசை டாம் கிட். எழுத்து பிரையன் யார்க்கி. அவ்வாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு சிறிய அரங்கில் நடந்த நாடகம், இங்கே திருத்தம் பெற்று, 2009-இல் பிராட்வேக்குச் சென்றது. 2010-இல் புலிட்சர் பரிசும் பெற்றது.

கதை, மனநோயால் வாடும் ஒரு தாயைப் பற்றியது. கைக்குழந்தையாக இறந்த மகன், வளர்ந்த இளைஞனாக அவள் கண்ணுக்குத் தெரிகிறான். கணவனும் மகளும் தவிக்கிறார்கள். மேடையை வடிவமைத்த மார்க் வெண்ட்லாண்ட், அந்த வீட்டை மூன்று தட்டு உலோகச் சட்டகமாக அமைத்தார். தாய் ஒரு தட்டில், மகள் வேறொரு தட்டில். ஒரே வீட்டில் இருந்தும் தனித்தனியே வாழ்கிறார்கள் என்பது வசனமின்றியே விளங்கிவிடுகிறது.

இத்தகைய மேடை அமைப்போர் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. பார்வை: முன் வரிசை ரசிகரின் கண்ணிலிருந்து மேல்தட்டின் விளிம்பு 5 மீட்டர் தூரத்திலும் 5 மீட்டர் உயரத்திலும் இருந்தால், பார்வைக் கோடு 45 பாகையில் ஏறும். விளிம்பிலிருந்து 1 மீட்டர் உள்ளே நிற்பவரின் கால்பக்கம் 1 மீட்டர் மறையும். 2 மீட்டர் உள்ளே போனால் ஆளே தெரியமாட்டார். ஆகவே மேல்தட்டு அகலம் குறைந்ததாக இருக்க வேண்டும்.

2. பாரம்: நிலையான இருக்கைகள் இல்லாத கூட்டத் தளங்களுக்கு இந்தியத் தர விதி சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ என்று கணக்கிடச் சொல்கிறது. 3 மீட்டருக்கு 2 மீட்டர் தளமானால் 3 டன்!

3. ஆட்டம்: இதுவே முக்கியம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் விநாடிக்கு 2 முறை கால்கள் ஒன்றாக விழும். மேடையின் இயல்பான அசைவும் அதே வேகத்தில் இருந்தால், ஊஞ்சலைத் தள்ளுவது போல ஒவ்வொரு தட்டும் அசைவைக் கூட்டும். பாலத்தில் படைவீரர்கள் நடை மாற்றிச் செல்வது இதனால்தான். இதற்கு மருந்து சாய்வுச் சட்டம். நாற்கோணம் நெளியும், முக்கோணம் நெளியாது.

இது அமெரிக்கச் சங்கதி என்று விட்டுவிட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில், பெஞ்சுகளின் மேல் பலகை பரப்பிய மேடையில் குழந்தைகள் கோலாட்டம் ஆடினார்கள். பாதியில் ஒரு பெஞ்சு சாய்ந்து, ஒரு சிறுமிக்குக் கை முறிந்தது. ரயில்வேயில் பாலங்களோடு பழகிய நான் முன் வரிசையில்தான் இருந்தேன். விழா தொடங்குமுன் எழுந்து போய் ஒருமுறை பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு.

அடுத்த விழாவுக்கு முன் மேடையைப் பக்கவாட்டில் கையால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால், சாய்வுச் சட்டம் போடும்வரை ஒரு குழந்தையையும் ஏற்றாதீர்கள்.