ஏரிக்கரைத் தவளைகள்

ஐப்பசியில் அடைமழை பிடித்த முதல் இரவில் தவளைகள் எழுப்பும் பேரொலியைக் கேளாத விவசாயி, ஏரிகள் நிறைந்த செங்கற்பட்டுச் சீமையில் இருக்க முடியாது. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடைப்பட்ட ஊரப்பாக்கத்திலோ விளைநிலங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. ஏரிதான் இருக்கிறதே, தவளைக்கு என்ன குறை என்று சிலர் கேட்கக்கூடும். விடை அப்பிராணியின் பிறப்பிலேயே அடங்கியுள்ளது.

ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், சதைப்பற்றுள்ள துடுப்புகளைக் கொண்ட ஒருவகை மீன்களின் சந்ததிகள் கால்கள் பெற்று மெல்ல நிலமேறின. நீர்நில வாழ்வன அவ்வழி வந்தவை. ஆயினும் அவை நீரை முற்றும் துறக்கவில்லை. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. ஈரமில்லாவிடில் உலர்ந்து போகும். தலைப்பிரட்டை செவுள்களால் சுவாசித்து, கால் முளைத்து, வால் சுருங்கி, நுரையீரல் பெற்றுக் கரையேறுகிறது. வளர்ந்த தவளை தோலாலும் சுவாசிக்கிறது. நீரை உட்கொள்வதும் தோல் வழியேதான். ஆதலால் பயிருக்குத் தெளிக்கும் நஞ்சு அதன் உடலில் எளிதில் ஊறிவிடுகிறது. பூச்சிகளையும் வயல் நண்டுகளையும் தின்று நமக்கு உதவும் பிராணிக்கு நாம் செய்யும் கைம்மாறு இது!

கோடையில் பெருந்தவளை மண்ணுள் புதைந்து கிடக்கும். மணலில் மறையும் தவளைக்கு நுணல் என்று நம் முன்னோர் தனிப்பெயரே இட்டனர். பெருமழை பெய்ததும் அது வெளிவரும். ஆண் தவளை மஞ்சள் நிறம் பூண்டு, தொண்டையின் நீலப் பைகளை ஊதிக் கத்தும். பெண் தவளை முட்டையிட நாடுவது ஏரியின் ஆழத்தை அன்று. மீன்கள் இல்லாத, முழங்காலளவு மழைநீர் தேங்கும் பள்ளங்களையே.

முன்னர் தவளைக் கால்கள் நம் வயல்களிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. 1987-இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. ஆனால் பள்ளத்தைத் தூர்ப்பவரை அத்தடை கட்டுப்படுத்தாது. அப்பொறுப்பில் ஊராட்சிக்கும் பங்குண்டு.

ஏரியை ஆழப்படுத்துகையில் நான்கு புறமும் செங்குத்தாக வெட்டாமல், ஒரு புறமேனும் சரிவாக விடுதல் வேண்டும். கொசுவை ஒழிக்க விடும் கம்பூசியா மீன் தலைப்பிரட்டைகளையும் தின்னும். ஆதலின் அதனைத் தொட்டிகளோடு நிறுத்திக்கொள்வது நலம். மனைப்பிரிவு பற்றிய விண்ணப்பம் கூட்டத்திற்கு வருகையில், வரத்துக் கால்வாயும் தாழ்ந்த பள்ளங்களும் வரைபடத்தில் எங்கே என்று அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். நேரில் பார்வையிடச் செல்வோர் ஐப்பசியில் செல்க. சித்திரையில் அப்பள்ளம் வெறும் பொட்டலாகவே தோன்றும்.